கேஸ் லாக்கா, விறகா? வீட்டு ஃபயர்பிளேஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, ஹாலில் ஒரு ஃபயர்பிளேஸும் சேர்ந்தே வந்துவிடுகிறது. வாங்கும்போது யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. நவம்பரில் குளிர் இறங்கியதும்தான் கேள்விகள் தொடங்கும். விறகு எரிக்கலாமா, கேஸ் லாக் (கேஸில் எரியும் போலி விறகுக்கட்டை) போடலாமா, எதில் சூடு அதிகம், எது ஆபத்து என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

எங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டிப் பாருங்கள். உட்சுவர் முழுக்கச் செங்கல், மேலே இழுத்துத் திறக்கும் இரும்புத் தகடு (இதைத்தான் டாம்பர் என்கிறார்கள்), அதற்கு மேல் களிமண் ஓடு பதித்த புகைக்குழாய் என்று இருந்தால் அது கட்டியெழுப்பிய செங்கல் ஃபயர்பிளேஸ். அதில் விறகும் எரிக்கலாம், கேஸ் லாக்கும் வைக்கலாம்.

உள்ளே செங்கல் மாதிரி அச்சுப் பதித்த பலகைகளும், சுற்றிலும் தகரச் சட்டமும் இருந்தால் அது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தியது. 1980-களிலும் 90-களிலும் கட்டிய வீடுகளில் இது நிறைய உண்டு. திரைக்குப் பின்னாலோ, கீழ்ப் பகுதியிலோ ஓர் உலோகப் பட்டை ஒட்டியிருக்கும். விறகு எரிக்கலாமா, கேஸ் மட்டும்தானா என்பது அதில் எழுதியிருக்கும். அந்தப் பட்டையைப் படிக்காமல் எதுவும் பற்றவைக்க வேண்டாம். கேஸுக்கு மட்டும் என்று செய்த பெட்டியின் குழாய் விறகுச் சூட்டைத் தாங்காது. அதில் விறகு வைத்தால் சுவருக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடும்.

முன்பக்கம் திறக்கவே முடியாத கண்ணாடியும், வெளிச்சுவரில் சின்னக் குழாய் வாயும் இருந்தால் அது டைரக்ட் வென்ட் கேஸ் ஃபயர்பிளேஸ். விறகுப் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இன்னொரு குழப்பம் உண்டு. சுவரிலோ தரையிலோ சாவி போட்டுத் திருகும் கேஸ் வால்வும், உள்ளே ஓட்டை போட்ட ஒரு குழாயும் மட்டும் இருந்தால் அது கேஸ் லாக் இல்லை. விறகைப் பற்றவைக்க உதவும் லாக் லைட்டர். விறகு பிடித்துக்கொண்டதும் கேஸை மூடிவிட வேண்டும்.

விறகு எரித்தால் வீடு சூடாகுமா? ஹீட்டர் பில் குறையுமா?

திறந்த செங்கல் ஃபயர்பிளேஸ் என்றால் குறையாது, பெரும்பாலும் கூடும். இதை நம்பவே பலர் மறுக்கிறார்கள். தீயின் எதிரே உட்கார்ந்தால் முகமும் முழங்காலும் நன்றாகச் சுடுகிறதே என்பார்கள். அது நேரே வரும் கதிர்ச்சூடு. நாலடி தள்ளிப் போனால் அது இல்லை.

நடப்பது என்னவென்றால், தீ எரியவும் புகை மேலே ஏறவும் அறையிலிருக்கும் காற்றை சிம்னி இழுத்துக்கொண்டே இருக்கிறது. திறந்த ஃபயர்பிளேஸ் நிமிடத்துக்கு 300 கன அடி வரை காற்றை இழுக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இதைச் சூடாக்கும் சாதனமாகவே கருத வேண்டாம் என்றும் அது சொல்கிறது. 12 அடிக்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடி உயரம். அதில் உள்ள மொத்தக் காற்றும் நாலே நிமிடத்தில் கூரைக்கு மேல் போய்விடும். அதுவும் உங்கள் ஃபர்னஸ் (வீட்டு ஹீட்டர்) காசு செலவழித்துச் சூடாக்கிய காற்று. போன காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் வெளிக்குளிர் உள்ளே புகும். ஹால் கதகதப்பாக இருக்க, மாடிப் படுக்கையறையில் பிள்ளைகள் கூடுதல் போர்வை தேடுவது இதனால்தான்.

தீ அணைந்த பிறகும் தணல் இருக்கும்வரை டாம்பரை மூட முடியாது. எனவே இரவு முழுக்க இந்த இழப்பு தொடரும்.

கேஸ் லாக் என்பது என்ன? அதில் நிஜ விறகு இருக்குமா?

இருக்காது. மரக்கட்டை போலவே வார்த்துச் சாயமடித்த பீங்கான் இழை அல்லது தீக்களிமண் கட்டைகள், அடியில் ஒரு பர்னர், கங்கு போலச் சிவந்து தெரியும் சிறு துணுக்குகள், இவ்வளவுதான். இருக்கும் விறகு ஃபயர்பிளேஸுக்குள் கேஸ் இணைப்புக் கொடுத்து இதைப் பொருத்திவிடலாம்.

இதில் இரண்டு வகை. புகைக்குழாய் வழியே வெளியேற்றுவது வென்டட். அறைக்குள்ளேயே விடுவது வென்ட்-ஃப்ரீ. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்வைக்கும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் இரண்டும் அடியோடு வேறு.

வென்டட் வகையில் தீ அழகாக, மஞ்சளாக, நிஜ விறகுத் தீ போலவே ஆடும். மணிக்கு 40,000 முதல் 90,000 பி.டி.யு. (சூட்டை அளக்கும் அலகு) வரை கேஸ் குடிக்கும். சூட்டில் பெரும்பகுதி விறகுத் தீயைப் போலவே மேலே போய்விடும். இது அழகுக்கு. சூட்டுக்கு அல்ல. கூடவே, இதைப் பொருத்தும்போது டாம்பர் முழுதாக மூடிக்கொள்ளாதபடி ஒரு கிளிப்பை நிரந்தரமாக மாட்டிவிடுவார்கள். பைலட் சுடரின் (பர்னரைப் பற்றவைக்க அணையாமல் எரியும் சிறு சுடர்) புகையோ, கேஸ் கசிவோ வீட்டுக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காக அது கட்டாயம். ஆனால் வருடம் முழுக்கச் சிம்னியில் ஒரு சந்து திறந்தே இருக்கும். கண்ணாடிக் கதவு இருந்தால், தீ எரியும்போது திறந்து வைத்து, அணைத்து ஆறிய பிறகு மூடிவையுங்கள். இழப்பு ஓரளவு குறையும்.

வென்ட்-ஃப்ரீ லாக் 99 சதவீதம் திறன் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அதை வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அந்தக் கணக்கு பொய்யில்லை. சூடு எதுவும் வெளியே போவதில்லை, ஏனென்றால் எதுவுமே வெளியே போவதில்லை. கேஸ் எரிந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் நீராவியும் நீங்கள் மூச்சுவிடும் அறையிலேயே தங்கும். 40,000 பி.டி.யு. லாக் ஒன்று ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீரை ஆவியாக விடும். குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் அது வியர்த்து வழிந்து, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அறையில் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு இறங்கினால் தானே அணைக்கும் உணர்கருவி இதில் உண்டு. நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அது ஆக்சிஜனைத்தான் அளக்கிறது, கார்பன் மோனாக்சைடை அல்ல. கலிஃபோர்னியாவில் வீடுகளில் வென்ட்-ஃப்ரீ லாக்குக்குத் தடை. கனடாவிலும் அனுமதியில்லை. அனுமதி உள்ள மாநிலங்களிலும் படுக்கையறையில் 10,000 பி.டி.யு.-க்கு மேல் வைக்க விடமாட்டார்கள்.

அப்படியானால் நிஜமாகவே சூடு வேண்டும் என்றால் என்ன செய்வது?

இன்சர்ட். இருக்கும் ஃபயர்பிளேஸின் வாய்க்குள் செருகிவிடும் மூடிய பெட்டி அது. கேஸிலும் உண்டு, விறகிலும் உண்டு.

கேஸ் டைரக்ட் வென்ட் இன்சர்ட்டில் சிம்னிக்குள் இரண்டு குழாய் இறங்கும். ஒன்று வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும், மற்றது புகையை வெளியே கொண்டுபோகும். நடுவில் மூடிய கண்ணாடி. வீட்டுக்காற்றை அது தொடுவதே இல்லை. எரிக்கும் கேஸில் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் சூடாக அறைக்கு வரும்.

விறகு இன்சர்ட்டும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டிதான். காற்று அளவாக உள்ளே போவதால் விறகு மெதுவாக, முழுதாக எரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈ.பி.ஏ.-வின் விதிப்படி, 2020 மே 15 முதல் புதிதாக விற்பவை மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக் கூடாது (நிஜ விறகில் சோதித்தால் 2.5 கிராம்). பழைய திறந்த ஃபயர்பிளேஸோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். ஒரு நல்ல விறகு இன்சர்ட் ஒரு தளத்தையே சூடாக வைத்திருக்கும்.

ஆக, கேஸா விறகா என்பது இரண்டாவது கேள்வி. திறந்ததா மூடியதா என்பதே முதல் கேள்வி.

செலவு எப்படி?

ஊருக்கு ஊர் மாறும். வென்டட் லாக் செட் சில நூறு டாலரில் தொடங்கும். கேஸ் லைன் இல்லாத வீட்டுக்குக் குழாய் இழுக்கும் செலவு அதைவிடக் கூடுதலாக வரலாம். இன்சர்ட் எதுவானாலும் சிம்னிக் குழாய், வேலைக்கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்களைத் தொடும்.

எரிக்கும் செலவை நீங்களே கணக்கிடலாம். ஒரு தெர்ம் என்பது ஒரு லட்சம் பி.டி.யு. எனவே 60,000 பி.டி.யு. லாக் மணிக்கு 0.6 தெர்ம் கேஸ் எடுக்கும். உங்கள் கேஸ் பில்லில் ஒரு தெர்மின் விலை இருக்கும், பெருக்கிக்கொள்ளுங்கள். அணையாமல் எரியும் பைலட் சுடர் மட்டுமே மாதத்துக்கு 5 முதல் 7 தெர்ம் வரை எடுக்கும். கோடையில் அதை அணைத்துவிடுங்கள்.

திறன்மிக்க விறகு இன்சர்ட்டுக்கு அமெரிக்காவில் கிடைத்துவந்த கூட்டாட்சி வரிச்சலுகை, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்துவதற்குக் கிடையாது. பழைய விளம்பரங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

விறகு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

காய்ந்திருக்கிறதா என்பதை. மற்றதெல்லாம் பிறகுதான்.

வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகக்கூட இருக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் எரிக்கத் தகுதி. பிளந்து, அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டால் பல மரங்கள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் காயும். ஓக் ஒன்று, ஏன் இரண்டு வருடம்கூடக் கேட்கும். விற்பவர் எல்லோருமே காய்ந்த விறகு என்றுதான் சொல்வார்கள். இரண்டு பிளவுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். ஈரமானி இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கிறது. ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் எப்போதுமே குறைவாகத்தான் காட்டும்.

அளவிலும் கவனம் வேண்டும். முழுக் கார்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. ஃபேஸ் கார்ட் என்று விற்பது பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்கு. விலை பேசும்போது எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

தொலைவிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள். கேம்பிங் போன இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று காரில் ஏற்றிவருவதும் வேண்டாம். 2002-இல் டெட்ராய்ட், வின்ட்ஸர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, விறகோடு பயணம் செய்தும் பரவி, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது.

பையனுக்கு ஆஸ்துமா. விறகுப் புகை பாதிக்குமா?

பாதிக்கும். விறகுப் புகையில் இருக்கும் பி.எம். 2.5 நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். புகை சிம்னி வழியே போய்விடுகிறதே என்றால், கதவு திறக்கும்போதும் விறகு போடும்போதும் கொஞ்சம் உள்ளேதான் வரும். வெளியே போனதும் உங்கள் தெருவில்தான் இறங்கும். ஆஸ்துமா, இதய நோய், கைக்குழந்தை, வயதானவர் யாராவது வீட்டில் இருந்தால் திறந்த விறகுத் தீ வேண்டாம். மூடிய கேஸ் இன்சர்ட்தான் சரி.

எங்கள் ஊரில் விறகு எரிக்கத் தடை இருக்கிறதா?

இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் காற்று மோசமான நாட்களில் 'ஸ்பேர் தி ஏர்' எச்சரிக்கை வரும். அன்று வீட்டுக்குள்ளும் வெளியிலும் விறகு எரிப்பது சட்டவிரோதம். அங்கே 2016 நவம்பர் முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் விறகு சாதனமே வைக்க முடியாது. சியாட்டில் பக்கம் தடை இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டத்தில் திறந்த ஃபயர்பிளேஸும் சான்று பெறாத அடுப்பும் நிற்கும், இரண்டாம் கட்டத்தில் சான்று பெற்றவையும் நிற்கும். மாண்ட்ரியாலில் 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடாத சான்று பெற்றவற்றை மட்டுமே பயன்படுத்தலாம். கேஸுக்கு இந்தத் தடைகள் இல்லை.

கரண்ட் போனால் எது கைகொடுக்கும்?

2013 டிசம்பரில் பனிமழைப் புயல் டொராண்டோவைத் தாக்கியபோது ஸ்கார்பரோவில் நம்மவர்கள் வீடுகள் பல, நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் இருண்டன. ஃபர்னஸ் கேஸில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

விறகுக்கு மின்சாரமே வேண்டாம். அது அதன் பெரிய பலம். கேஸில், அணையாத பைலட் சுடர் உள்ள வகை தன் சூட்டிலிருந்தே வால்வுக்குத் தேவையான சிறு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், கரண்ட் இல்லாமலும் எரியும். பொத்தானில் பற்றும் எலக்ட்ரானிக் வகை என்றால் பேட்டரி மாற்று வசதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். விசிறி ஓடாது, ஆனாலும் அறையைத் தாங்கும்.

அந்த இரண்டு புயல்களிலும் கார்பன் மோனாக்சைடு பல குடும்பங்களைத் தாக்கியது, உயிர்களும் போயின. கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் கொண்டுவருவதும், கராஜில் ஜெனரேட்டர் ஓட்டுவதும் கொல்லும். எந்த ஃபயர்பிளேஸ் இருந்தாலும் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள்.

சமைக்கும்போது ஃபயர்பிளேஸிலிருந்து ஹாலுக்குள் புகை வருகிறது. சிம்னி அடைத்திருக்கிறதா?

நம் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்டை. தாளிப்புக் காரத்துக்காகச் சக்திவாய்ந்ததாகப் பார்த்து வாங்குகிறோம். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அது காற்றை வெளியே தள்ளத் தள்ள, வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். சுலபமான வழி சிம்னிதான். மேலே போக வேண்டிய புகையும், அதோடு கார்பன் மோனாக்சைடும் ஹாலுக்குத் திரும்பும். வென்டட் கேஸ் லாக்கிலும் இதே கதைதான், ஆனால் அங்கே கண்ணில் தெரியாது. அதனால் இன்னும் மோசம்.

தீ இல்லாத நாளில் சோதித்துப் பாருங்கள். எல்லா ஜன்னலையும் மூடி, டாம்பரைத் திறந்து, ஃபயர்பிளேஸ் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை மேலே ஏறும். இப்போது எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போடச் சொல்லுங்கள். ஊதுபத்திப் புகை தயங்கி, வளைந்து, உங்கள் பக்கம் திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. தீ எரியும்போது எக்ஸாஸ்ட் போடாதீர்கள், அல்லது பக்கத்து ஜன்னலை நாலு விரல் திறந்துவையுங்கள். நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் எக்ஸாஸ்ட் பொருத்தும்போது ஈடுகாற்று வழியும் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வீட்டுக் கட்டுமான மாதிரி விதிகள் கேட்பது இதற்காகத்தான். மூடிய டைரக்ட் வென்ட் இன்சர்ட்டுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

சிம்னியை வருடாவருடம் சுத்தம் செய்ய வேண்டுமா? கேஸ் லாக் என்றால் தேவையில்லையா?

பரிசோதனை இரண்டுக்கும் வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். என்.எஃப்.பி.ஏ. 211 என்ற பாதுகாப்புத் தரம் அதைத்தான் சொல்கிறது.

விறகில், குளிர்ந்த குழாய்ச் சுவரில் புகை படிந்து கிரியோசோட் என்ற கறுப்புப் படலமாகும். முதலில் தூசி, பிறகு செதில், கடைசியில் தார் போல இறுகிய பளபளப்பு. ஈர விறகும், காற்றைக் குறைத்துப் புகையவிடுவதும் இதை வேகமாக வளர்க்கும். கால் அங்குலத்தில் பாதி சேர்ந்தாலே துடைத்தாக வேண்டும். இது தீப்பிடித்தால் குழாய்க்குள் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், களிமண் ஓடு வெடிக்கும், அடுத்துப் பற்றுவது வீட்டின் மரச்சட்டம்தான்.

கேஸில் கிரியோசோட் இல்லை. ஆனால் பறவைக்கூடு, உடைந்த ஓடு, துருப்பிடித்த மூடி எல்லாம் உண்டு. இன்னொன்று, கேஸ் லாக் கட்டைகளைத் தயாரிப்பாளர் கொடுத்த படத்தில் உள்ளபடியேதான் அடுக்க வேண்டும். அழகுக்காக ஒரு கட்டையை நகர்த்தி, சுடர் அதன்மேல் நேரே மோதும்படி விட்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். மேன்டலுக்கு (ஃபயர்பிளேஸுக்கு மேலே உள்ள தட்டு) மேல் வெள்ளைச் சுவரில் கைப்பிடி அகலத்துக்குக் கரி ஏறியிருந்தது. கரி வந்தால் கேஸ் சரியாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று பொருள். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

போகிக்குப் பழைய பொருட்களை இதில் எரிக்கலாமா? கணபதி ஹோமம்?

கூடாது. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பாய், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் எதுவும் விறகு ஃபயர்பிளேஸில் போகக் கூடாது. நச்சுப் புகை ஒருபக்கம், எரியும் அட்டைத் துண்டு மேலே பறந்து சிம்னியைப் பற்றவைப்பது மறுபக்கம். கேஸ் லாக்கில் சிறு காகிதம்கூடப் போடக் கூடாது, பர்னர் துளை அடைத்துவிடும். ஹோமத்தில் நெய் ஊற்றுவோம், அதற்கு இந்த இடம் சரிப்படாது. முற்றத்திலோ, நகராட்சி அனுமதிக்கும் இடத்திலோ குண்டம் வைத்துச் செய்யுங்கள்.

மேலே டிவி மாட்டலாமா? மேன்டலில் சாமி படம் வைக்கலாமா?

தீ ஒரு மணி நேரம் எரிந்தபின், டிவி வரப்போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டிப் பாருங்கள். டிவியின் கையேட்டில் சொன்ன வெப்பத்தை அது தாண்டினால் வேண்டாம். பூமாலை, துணி, எண்ணெய் விளக்கு எதையும் தீ எரியும்போது மேன்டலில் வைக்காதீர்கள். கொலுப்படியும் அங்கே என்றால் அந்த ஒன்பது நாளும் கேஸ் வால்வை மூடிவிடுங்கள்.

தவழும் குழந்தை இருக்கிறது. மூடிய கண்ணாடிதானே, பயமில்லையே?

கேஸ் இன்சர்ட் கண்ணாடி, தொட்ட நொடியில் தோலை உரிக்கும் அளவு சுடும். அணைத்த பிறகும் வெகுநேரம் ஆறாது. 2015 முதல் தயாரான கேஸ் ஃபயர்பிளேஸ்கள் பாதுகாப்பு வலையோடுதான் வருகின்றன. அதற்கு முந்தையது என்றால் வலையைத் தனியாக வாங்கி மாட்டுங்கள், மாட்டியதைக் கழற்றாதீர்கள். ரிமோட்டைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

இருவரும் வேலைக்குப் போகும், சின்னப் பிள்ளைகள் உள்ள, ஊரிலிருந்து அப்பா அம்மா குளிரில் வந்து தங்கும் வீடு என்றால் டைரக்ட் வென்ட் கேஸ் இன்சர்ட். பொத்தானை அமுக்கினால் சூடு, அம்மாவால் தனியாக இயக்க முடியும், புகை இல்லை.

கொஞ்சம் நிலம், விறகு காயப்போட இடம், அதில் உழைக்க மனம், அடிக்கடி மின்வெட்டு, எரிக்கத் தடையில்லாத ஊர், இவை எல்லாம் இருந்தால் விறகு இன்சர்ட். காய்ந்த விறகின் வாசனையும் வெடிப்புச் சத்தமும் கேஸில் கிடைக்காது, அதை நான் மதிக்கிறேன்.

வருடத்தில் நாலைந்து மாலை, விருந்தினர் வரும்போது அழகாக எரிந்தால் போதும் என்றால் வென்டட் லாக். சூடு எதிர்பார்க்காமல் வாங்குங்கள்.

எதில் தொடங்குவது?

லாக்கோ இன்சர்ட்டோ வாங்கும் முன் சிம்னியைப் பார்க்க வையுங்கள். அமெரிக்காவில் சி.எஸ்.ஐ.ஏ. சான்று, கனடாவில் விறகுக்கு டபிள்யூ.ஈ.டி.டி. சான்று உள்ளவரைக் கூப்பிடுங்கள். கனடாவில் காப்பீட்டு நிறுவனங்கள் பல அந்த அறிக்கையைக் கேட்கும். புதிதாக வாங்கிய வீடு என்றால் 'லெவல் 2' பரிசோதனை என்று சொல்லிக் கேளுங்கள். குழாய்க்குள் கேமரா விட்டு முழு நீளமும் பார்ப்பார்கள். அந்தப் படங்களைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். கேஸ் இணைப்பை உரிமம் பெற்றவர்தான் கொடுக்க வேண்டும், பெர்மிட்டும் எடுக்க வேண்டும். இதெல்லாம் அக்டோபருக்குள் முடியட்டும். முதல் குளிர் இறங்கிய வாரத்தில் யாருக்கும் நேரம் கிடைக்காது.

விறகு எரித்த சாம்பலை எப்போது கொட்டலாம்?

சாம்பலுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பையிலோ பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலோ போடாதீர்கள். இறுக்கமான மூடி போட்ட உலோக வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்து, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வெறும் தரையில் வையுங்கள். மரத்தளம், கராஜ் இரண்டும் வேண்டாம். நன்றாக ஆறிய பிறகு, கலப்பில்லாத விறகுச் சாம்பல் என்றால் தோட்டத்துக்குக் கொஞ்சமாகத் தூவலாம்.